அச்சிட்டோர்: வடசென்னையின் சில்லறை அச்சகங்கள்

தமிழ் அச்சின் வரலாறு என்று எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் புத்தகத்தின் வரலாறு. தரங்கம்பாடியில் தொடங்கி, வேப்பேரி வழியாக ஆறுமுக நாவலரிடமும் உ.வே.சா.விடமும் வந்து, பதிப்பு முகவுரைகளோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் அச்சாபீஸ்காரர் அரிசி வாங்கியது புத்தகத்தால் அல்ல. பில் புத்தகம், வவுச்சர், லாரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை - இவற்றால்தான். ஜாப் ஒர்க் என்று தொழிலில் சொல்லப்படும் இந்தத் தாள்களை நூலகங்கள் சேர்த்துவைப்பதில்லை. காரியம் முடிந்ததும் அவை பொட்டலம் கட்டப் போய்விடுகின்றன. இவற்றை அச்சிட்டவர் யார் என்பதற்கு மிஞ்சுகிற சாட்சி, தாளின் அடியில் பொடி எழுத்தில் நிற்கும் ஒரு வரி: அச்சகத்தின் பெயர், தெரு, ஊர். ஜார்ஜ் டவுனிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் பகுதியில் இந்த வரிக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது, சின்னத் தொழில் ஒன்றின் சரித்திரத்தைப் பார்ப்பதுதான். நம் சரித்திரமும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

சென்னையில் அச்சு ஜாப் ஒர்க்காகத்தான் காலூன்றியது. 1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது, அங்கிருந்த அச்சு இயந்திரமும் கொள்ளைப் பொருள்களோடு சென்னைக்கு வந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் கம்பெனியிடம் இல்லை. எனவே அது வேப்பேரியிலிருந்த பாதிரியார் ஃபப்ரீஷியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. நிபந்தனை ஒன்று: சர்க்கார் வேலை வந்தால் அதற்கே முதலிடம். பாதிரியாரின் அகராதி 1779-ல் இந்த ஏற்பாட்டின் கீழ்தான் வெளிவந்தது. சம்பளம் தரும் வேலை முதலில், மொழிக்கான வேலை பிறகு என்ற வரிசை அன்றே அமைந்துவிட்டது. பின்னால் வந்த இலக்கியப் பத்திரிகைகளுக்கும் இதே வரிசைதான்.

உரிமம் இல்லாமல் அச்சகம் நடத்தக் கூடாது என்றிருந்த நிலை 1835-ல், மெட்காஃப் காலத்தில், மாறியது. உரிமம் போய் மாஜிஸ்டிரேட் முன் அறிவிப்பு என்ற முறை வந்தது. 1867-ன் அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம் இதை விரிவாக்கி உறுதிப்படுத்திற்று. அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் அதிகாரி முன் அறிவிப்பில் கையெழுத்திட வேண்டும்; அச்சாகும் புத்தகத்திலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் தெளிவாகத் தெரிய வேண்டும். அடிவரியின் பிறப்பு இப்படி: யாரைப் பிடிப்பது என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

பிடிக்கவும் செய்தார்கள். 1908-ல் 'இந்தியா' பத்திரிகையின் எழுத்துக்காக வழக்கு வந்தபோது, சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் சிறை சென்றார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். இதில் பாரதியைக் குறை சொல்ல ஏதுமில்லை. எழுத்துக்கான தண்டனை எழுதியவரை விட்டுவிட்டுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்மீது விழும் என்பது மட்டும் அன்று எல்லோருக்கும் விளங்கிற்று. 1910-ன் பத்திரிகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்டது. ஒரே ஒரு டிரெடிலை வைத்துப் பிழைக்க நினைத்தவருக்கு அது தொழிலின் முதலையே விழுங்கும் தொகை.

இதே 1867 சட்டத்துக்கு எதிர்பாராத ஒரு பலனும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாகாண அரசு புத்தகப் பட்டியல் வெளியிட வேண்டும். பெயர், மொழி, பக்கம், விலை, அச்சிட்டவர், அச்சான பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். கண்காணிப்புக்காகத் தயாரான பட்டியல் பிற்கால ஆராய்ச்சியாளனுக்குப் புதையலாயிற்று. பண்டிதர்கள் நூல் என்றே ஒப்புக்கொள்ளாத குஜிலிப் புத்தகங்கள் எப்போது, எங்கே, எத்தனை அச்சாயின என்று இன்று பேச முடிவதற்கு அந்தப் பட்டியலும் அடிவரியும் காரணம்.

குஜிலிப் புத்தகம் வடசென்னைக்காரர்களின் சரக்கு. பார்க் டவுன் அந்திக்கடையில் விற்ற காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் அவை. ராயபுரத்துக்குத் தெற்கே கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் பெரிய எழுத்துக் கதைகளை வருஷக்கணக்காக அச்சடித்துத் தள்ளினார்கள். இவை விற்ற விதம் கவனிக்கத்தக்கது. விளம்பரம் கிடையாது. பாடுகிறவரே முச்சந்தியில் நின்று பாடுவார். கூட்டம் சேரும். பாட்டு முடியும் முன் புத்தகம் கைமாறும். ரயில் விபத்தோ, கொலையோ, புயலோ நடந்தால் சூடு ஆறுவதற்குள் சிந்து தயாராக வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திப்போட்டபின் அதைப் பற்றியும் பாட்டுகள் வந்தன. சின்ன அச்சகம் விற்றது தாளையும் மையையும் அல்ல, சீக்கிரத்தை. இந்த ஒரு விஷயம் இன்றுவரை மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகள் வடக்கே நகர்ந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் (பின்னால் அசோக் லேலண்ட்), திருவொற்றியூரில் என்ஃபீல்ட், எம்.ஆர்.எஃப்., பிறகு 1970-ல் மின்உற்பத்தி தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம். ஆலையைச் சுற்றிக் காண்டிராக்டர்கள், லாரி ஆபீஸ்கள், காண்டீன்கள், சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும். ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவில் பேப்பர் வாங்கிவந்து, வீட்டு முன்னறையில் ஒரு டிரெடிலும் நாலு கேஸும் வைத்துத் தொழில் நடத்த முடிந்தது. ஆள் பிடிக்கும் வழியும் எளிது. கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை ஒட்டிய ஆல்பம் ஒன்று. சங்க ஆபீஸ் செயலாளரிடமும் மண்டப மேனேஜரிடமும் பழக்கம். மிச்ச வேலையை அடிவரி பார்த்துக்கொள்ளும். ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக்குப் போன பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அடுத்த கல்யாணம் அந்தப் பெயரைத் தேடி வரும். போலீசுக்காக வைத்த வரி வியாபாரப் பலகையாகிவிட்டது.

1961-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ பிரிவு சேர்ந்தது. தேர்தல் நோட்டீஸிலும் சுவரொட்டியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் வேண்டும். வெளியிடுபவரின் கையெழுத்தும் இரண்டு பேர் சாட்சியும் உள்ள அறிக்கையை வாங்காமல் அச்சகத்தார் அச்சிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது 2000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கையால் நகல் எழுதுவதைத் தவிர, எந்த முறையில் பிரதி பெருக்கினாலும் அது அச்சுதான் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. அறுபத்தொன்றில் யாரும் கண்டிராத இயந்திரங்களுக்கும் அந்த வாசகம் பொருந்துகிறது.

ஈய எழுத்தின் கணக்கு வேறு. கம்பாசிட்டர் எழுத்துக் கோர்த்து, புரூப் திருத்தி, பாரம் முடுக்கி, மேக்ரெடி பார்த்து முதல் பிரதி வெளிவரும்போதே செலவின் பெரும்பகுதி முடிந்திருக்கும். பிறகு பேப்பரும் கால்மிதியும்தான். அதனால்தான் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. இருநூறு வேண்டும் என்று வருபவரிடமும் 'ஐந்நூறாகவே போட்டுவிடுங்கள்' என்பார்கள். நம் சிறுபத்திரிகைகள் இந்தக் கணக்கின் பிள்ளைகள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து'வைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகக் கட்டுகளைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இது லட்சியவாதியின் கதையாக மட்டும் சொல்லப்படுகிறது. அதற்குள் ஒரு டிரெடில் கணக்கும் இருக்கிறது. அச்சாகிவிட்ட கட்டுகள் வீட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வாசகனைத் தேடிப் போயாக வேண்டியிருந்தது. வியாபாரத்தை வெறுத்த இயக்கம் வியாபாரக் கட்டாயத்தால்தான் தெருவுக்கு வந்தது. சிறுபத்திரிகையை அச்சிட்டுக் கொடுத்தவரோ பில் புத்தகத்தில் பிழைத்தவர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, டிரெடில் சும்மா நிற்கிறது என்றால் கவிதைக்கு இடம் கிடைக்கும். தையில் வேலை குவிந்தால் கவிதை காத்திருக்கும். கொடுக்க வேண்டிய பாக்கியும் காத்திருக்கும். இலக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மானியங்களில் இந்தக் கடனையும் சேர்த்து எழுத வேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் டி.டி.பி. வந்தது. கேஸ்கள் பழைய ஈய விலைக்கு எடைக்குப் போயின. ஆஃப்செட் பெரிய வேலைகளை இழுத்துக்கொண்டது. இரண்டாயிரத்துக்குப் பின் டிஜிட்டல் இயந்திரங்கள் வந்தன. இதில் பிளேட் இல்லை, பாரம் இல்லை. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே செலவு. இயந்திரம் தந்தவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று 'கிளிக்' கணக்கில் பராமரிப்புப் பணம். ஆயிரத்தின் ஆட்சி முடிந்தது. பத்துப் பத்திரிகையும் போடலாம், ஒரே புத்தகமும் போடலாம். அதே சமயம் பழைய சோற்று வேலை கைநழுவிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும் 2018-ல் இ-வே பில்லும் வந்தபின் காண்டிராக்டரும் லாரி ஆபீஸும் கணினியிலேயே ரசீது போடத் தொடங்கினார்கள். ஆலைகளும் சில மூடின. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. மிஞ்சியது மனிதர்களின் நல்லது கெட்டது.

இங்கே ஃபிளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அசிங்கம் என்று ஒதுக்குவது நம் வட்டத்தில் வழக்கம். ஈய அச்சில் ஒரு முகம் வர வேண்டுமானால் பிளாக் செய்ய வேண்டும். அது தனிச் செலவு. ஆகவே ஹார்பர் கூலியின், மீன் விற்ற கிழவியின் மரண அறிவிப்பில் பெயர் மட்டும் இருக்கும். முகம் தலைவர்களுக்கும் முதலாளிகளுக்கும். சதுர அடிக் கணக்கில் ஃபிளெக்ஸ் வந்தபின், செல்போனில் கிடந்த மங்கலான படம் ஆறடிக்கு நாலடியாகப் பெரிதாகித் தெருமுனையில் நின்றது. 'கண்ணீர் அஞ்சலி' பாடை கிளம்புமுன் வந்தாக வேண்டும். கடைக்காரர் விடியற்காலையில் ஷட்டர் தூக்குகிறார். எம்டன் சிந்து அச்சடித்தவரின் தொழில்தான் இதுவும். ராயபுரம் சந்துகளில் சாதாரண மனிதனின் முகம் பெரிதாக அச்சேறியது இந்த மலிவான பிளாஸ்டிக் துணியில்தான் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணி ஆளைக் கொன்றதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண்மீது கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணப் பேனர் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறியது. டிஜிட்டல் பேனருக்கு முன் அனுமதி வேண்டும் என்ற விதிகள் 2011-லிருந்தே இருந்தன. மாநகராட்சி உடனே சீல் வைத்தது அச்சிட்ட கடைக்கு. பேனர் வைத்த பிரமுகர் சில நாட்கள் கழித்துத்தான் கைதானார். 1908-ல் நடந்ததற்கும் இதற்கும் குற்றத்தில் ஒப்புமை இல்லை. அது தேசம், இது ஆடம்பரம். ஆனால் யார் கதவு முதலில் தட்டப்படுகிறது என்பதில் நூறு வருஷத்தில் மாற்றம் இல்லை. முகவரி உள்ளவரின் கதவு.

இந்த முகவரி இப்போது கரைந்துவருகிறது. 1867 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. புத்தகம் அதன் வரம்பில் இல்லை. தேர்தல் தாளில் அச்சிட்டவர் பெயரைக் கேட்கும் விதி தொடர்கிறது. கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொல்லும் 1954 சட்டமும் இருக்கிறது. ஆனால் அது பதிப்பாளரின் கடமை. கவிதைத் தொகுதியின் அடியில் அச்சிட்டவர் பெயர் வேண்டும் என்ற பழைய கட்டாயம் இன்று இல்லை. காலனி அரசின் சந்தேகத்திலிருந்து விடுதலை என்று இதைக் கொண்டாடலாம். கூடவே ஒரு சாட்சியும் போய்விட்டது.

நம் தொகுதிகளைப் பாருங்கள். அட்டை ஓவியர், வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் எல்லோர் பெயரும் இருக்கிறது. அச்சிட்டவர் பல நூல்களில் இல்லை. 'முதல் பதிப்பு' என்று இருக்கிறது. எத்தனை பிரதி என்பது இல்லை. டிஜிட்டல் அச்சில் முப்பது போட்டு, கேட்டால் இன்னும் பத்து என்று போடுகிறோம். விற்காத கட்டு என்ற சுமை நீங்கியதால் வாசகனைத் தேடிப் போகும் அவசியமும் நீங்கிவிட்டது. முப்பது பிரதி நண்பர்களிடையே சுற்றிவந்து நின்றுவிடுகிறது. அந்த எண் வெளியே தெரியாததால் அதைப் பற்றிய விவாதமும் எழுவதில்லை.

அந்தக் காலாண்டுப் பட்டியல் கேட்ட விவரங்களை, யாரும் கேட்காமலே, நாம் அச்சிடலாம்: அச்சகத்தின் பெயர், தெரு, மாதம், பிரதிகளின் எண்ணிக்கை. தண்டையார்பேட்டைச் சந்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அஞ்சலிப் பேனருக்கும் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகைக்கும் நடுவே நம் புத்தகத்தை ஓட்டிக் கொடுத்தவருக்கு அது விளம்பரம். அடுத்த வேலை அந்த வரியைப் பார்த்து வரக்கூடும். எண்ணிக்கையைப் போடுவதுதான் சிரமம். முப்பது என்று போட வேண்டியிருக்கும்.