துளையட்டைக்காரர்கள் எழுதிய தேர்வு

தரவுப் பொறியியல் சான்றிதழுக்காக இரவு விழித்துப் படித்துவரும் நண்பர் ஒருவர், படித்து முடிப்பதற்குள் பாடமே மாறிவிடுமோ என்று அஞ்சுகிறார். இந்த அச்சம் புதிதல்ல.

அமெரிக்காவில் துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு நிறுவனங்களின் கணக்குகளைக் கவனித்தவர்கள் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் வைத்திருந்தனர். கணிப்பொறி பரவத் தொடங்கியதும் அவர்களுடைய கைத்திறனே கேள்விக்குள்ளாயிற்று. 1962-இல் அச்சங்கம் 'தரவுச் செயலாக்க மேலாண்மைச் சங்கம்' எனப் பெயர் மாறியது. அதே ஆண்டில் சான்றிதழ்த் தேர்வு ஒன்றையும் தொடங்கியது. கணக்காயர்களைப் போலத் தாங்களும் மதிப்புக்குரிய தொழிலினர் என்று நிறுவும் முயற்சி அது. 1973-இல் உருவான ஒரு பொது அமைப்பு பின்னர் அத்தேர்வை ஏற்று நடத்தியது.

அன்று தேர்வு வைத்தவர்கள் அத்தொழிலைச் செய்தவர்கள். இன்றோ பெரும்பாலும் கருவியை விற்பவர்களே தேர்வையும் வைக்கிறார்கள். ஆகவே கருவி மாறினால் சான்றிதழும் பழசாகிவிடுகிறது. கூகுளின் தரவுப் பொறியாளர் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளே செல்லும். மைக்ரோசாப்ட்டின் டிபி-203 தேர்வு 2025 மார்ச் 31 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்காகப் படித்தவர்கள் வேறு தேர்வைத் தேட வேண்டியதாயிற்று.

ஆனால் ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரி, எஸ்க்யூஎல் மொழிக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. கருவிகளின் பெயர்கள் தேர்வு நாள்வரை நினைவில் இருந்தால் போதும், காட் எழுதியதை மட்டும் நிதானமாகப் படியுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். அடுத்த தேர்வுக்கும் அது வேண்டியிருக்கும்.