சிலுவையும் வாளும் – 9: எதிரியும் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால்?

டெம்ப்ளர் வீரர்களை ஒரே விடியலில் வளைத்துப் பிடித்த பிரெஞ்சு மன்னர் நான்காம் ஃபிலிப்பின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1307 அக்டோபர் 13 அன்று நடந்த அந்தக் கைதுப் படலம், ஐரோப்பாவில் இருந்த மற்ற வாளேந்திய துறவிகளின் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. அவர்களிடமும் நிலமும் பணமும் ஏராளமாக இருந்தன. ஆனால் காப்பதற்குப் புனித பூமி இல்லை. அது 1291-ல் ஆக்கர் கோட்டை விழுந்தபோதே கைவிட்டுப் போயிருந்தது. வேலை இல்லாத சபையின் சொத்து எந்த அரசனின் கண்ணையும் உறுத்தும்.

வெனிஸில் இருந்த ஒருவர் காற்று வீசும் திசையை அறிந்து நடந்தார். அவர் டியூட்டானிக் சபையின் பெருந்தலைவர் ஸீக்ஃப்ரீட். 1309-ல் அவர் தலைமையகத்தைப் பெயர்த்துக்கொண்டு வடக்கே, பால்டிக் கடலுக்கு அருகே இருந்த மரியன்பர்க் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரைக் கைது செய்ய எந்த அரசனாலும் முடியாது. ஏனென்றால் அந்த மண்ணுக்கு அரசரே அவர்தான்!

துறவிகளுக்கு நாடு எப்படிக் கிடைத்தது?

கப்பல் பாயில் பிறந்த சபை

1190. மூன்றாம் சிலுவைப்போர். ஆக்கர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஜெர்மானிய வீரர்கள் காயத்தாலும் காய்ச்சலாலும் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரேமன், லூபெக் துறைமுகங்களிலிருந்து வந்திருந்த வணிகர்கள், தங்கள் கப்பலின் பாயை இறக்கிக் கூடாரமாக விரித்து ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள் என்கிறது சபையின் மரபு. எட்டே ஆண்டுகளில், 1198-ல், அந்த மருத்துவமனை போர்ச் சபையாக மாறியது. நோயாளிகளைப் பேண ஹாஸ்பிட்டலர் சபையின் விதியையும், போர்புரிய டெம்ப்ளர் சபையின் விதியையும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை மேலங்கியில் கறுப்புச் சிலுவை அவர்களின் அடையாளம். முழுப் பெயர், ‘ஜெருசலேமில் உள்ள புனித மரியாளின் ஜெர்மன் மனைச் சகோதரர்கள்’. மாதாவே அவர்களின் பாதுகாவலி.

ஜார்ஜ் மார்ட்டினின் நாவல்களில், பனிச்சுவர் மேல் காவல் நிற்கும் கறுப்பங்கிப் படையினர் மனைவி இல்லை, மண் இல்லை என்று சபதம் செய்வார்கள். நம் கதையின் மனிதர்கள் அதை நிஜமாகவே செய்தவர்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள். சாப்பிடும்போது பேச்சு கூடாது. வேதவாசகம் மட்டும் ஒலிக்கும். பெற்ற தாயை முத்தமிடக்கூட விதி இடம் தரவில்லை.

ஆனால் நாவலில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. தனி மனிதனுக்குத்தான் சொத்து கூடாது. சபைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

எழுதி வாங்கிய நாடு

அந்த விதியின் முழுப் பலனையும் அறுவடை செய்தவர் ஹெர்மன் ஃபான் ஸால்ஸா. சுமார் 30 ஆண்டுகள் பெருந்தலைவராக இருந்தவர். போப்புக்கும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கும் ஆகாது. இருவருக்கும் வேண்டியவர் இவர் ஒருவர்தான். இருவரும் இவர் மூலமாகவே சமாதானம் பேசினார்கள்.

அப்படிப்பட்ட ராஜதந்திரிக்கும் முதல் முயற்சி சறுக்கியது. 1211-ல் ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூ, கூமன் நாடோடிகளிடமிருந்து எல்லையைக் காக்கச் சபையை அழைத்து, டிரான்சில்வேனியாவில் இடம் கொடுத்தார். சபை கோட்டைகளைக் கட்டியது; பிறகு அந்த நிலத்தை மன்னரின் கையிலிருந்து விடுவித்து, நேரடியாகப் போப்பின் ஆளுகைக்குள் கொண்டுபோகப் பார்த்தது. மன்னர் விழித்துக்கொண்டார். 1225-ல் படையோடு வந்து எல்லோரையும் விரட்டிவிட்டார்.

அடுத்த அழைப்பு போலந்தின் மாசோவியப் பிரபு கோன்ராடிடமிருந்து வந்தது. வடக்கே வாழ்ந்த பிரஷ்யர்கள் அவருக்குத் தீராத தலைவலி. பால்டிக் மொழி பேசிய அந்தப் பழங்குடிகள் கிறிஸ்தவத்தை ஏற்காதவர்கள். கோன்ராட் கேட்டது காவலுக்கு ஆள். ஹெர்மன் கேட்டது பத்திரம். ஒரு வீரன் கூட அந்த மண்ணை மிதிப்பதற்கு முன்பே, பிடிக்கப்போகும் நிலமெல்லாம் சபைக்கே சொந்தம் என்று பேரரசரிடம் 1226 தேதியிட்ட பொன் முத்திரை ஆணை ஒன்றை வாங்கிவிட்டார். 1234-ல் போப் ஒன்பதாம் கிரகோரியிடமும் ஆணை வாங்கினார். இனி எந்த ஆண்ட்ரூவும் விரட்ட முடியாது.

பிடிப்பதற்கு முன்பே பட்டா போடப்பட்ட அந்த நாட்டைப் பிடித்து முடிக்க அரை நூற்றாண்டு ஆனது. விஸ்துலா ஆற்றோரமாக ஒரு கோட்டை, அதைச் சுற்றி ஜெர்மானியக் குடியேற்றம், பிறகு அடுத்த கோட்டை. 1231-ல் டோர்ன், 1255-ல் கோனிக்ஸ்பர்க். 1260-ல் பிரஷ்யர்கள் பெருங்கிளர்ச்சியில் இறங்கினார்கள். அதன் தலைவர்களில் புகழ்பெற்றவர் ஹெர்குஸ் மான்டே. சிறுவயதில் பிணையாகப் பிடிக்கப்பட்டு, ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் படித்து வளர்ந்தவர். எதிரியிடம் கற்ற போர்முறையை எதிரி மேலேயே திருப்பினார். 1273-ல் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1283-ல் கடைசி எதிர்ப்பும் அடங்கியது. பிற்காலத்தில் அந்த மக்களின் மொழியும் மறைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அச்சான மூன்று ஞானோபதேச நூல்கள்தான் இன்று அதற்கு முக்கியமான சாட்சி.

மரியாதை மேசையும் மரப்பிசினும்

பிரஷ்யா அடங்கியதும் சபையின் பார்வை கிழக்கே லித்துவேனியா பக்கம் திரும்பியது. ஐரோப்பாவில் பழங்கடவுளரை வணங்கிவந்த கடைசிப் பெரிய அரசு அதுதான். கோடையிலும் குளிர்காலத்திலும் படையெடுப்பு. மழைக்காலச் சேற்றில் குதிரை இறங்காது. பனி இறுகினால் சதுப்பும் சாலையாகிவிடும்.

14-ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பியப் பிரபுக்களின் நாகரிகமாகவே ஆகிவிட்டது. புனித பூமி தொலைவு, ஆபத்து. பிரஷ்யா பக்கம், வசதி. வந்தவர்களுக்கு விருந்து, வேட்டை, சில வாரச் சண்டை. சிறந்த வீரர்களை ‘மரியாதை மேசை’யில் அமர்த்திக் கௌரவித்தார்கள். இங்கிலாந்துக் கவிஞர் சாசர் படைத்த ‘கேன்டர்பரி கதைகள்’ பிரபுவீரர் கூட பிரஷ்யாவில் அந்த மேசையில் உட்கார்ந்தவர்தான்.

பணத்துக்கும் குறைவில்லை. பால்டிக் கரையில் ஒதுங்கும், மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர் முழுவதும் சபைக்கே உரியது. அனுமதியில்லாமல் பொறுக்கினால் தூக்கு. ஜெபமாலை மணிகளுக்கு ஐரோப்பா முழுக்க அதற்குக் கிராக்கி. தானிய வணிகம் வேறு. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் பங்காளிகளாகவும் இருந்தார்கள்.

இத்தனைக்கும் ஆதாரமான அனுமதிச்சீட்டு ஒன்றே ஒன்றுதான்: எதிரில் இருப்பவன் கிறிஸ்தவன் அல்ல.

கைவிட்டுப்போன எதிரி

1386 பிப்ரவரியில் அந்தச் சீட்டு கிழிந்தது. லித்துவேனியாவின் மகாபிரபு யோகைலா, போலந்தின் இளம் அரசி யாத்விகாவை மணக்கச் சம்மதித்துக் கிராக்கோ நகரில் ஞானஸ்நானம் பெற்றார். விளாதிஸ்லாவ் யாகியெல்லோ என்ற பெயரில் போலந்தின் மன்னரும் ஆனார். அந்தச் சடங்கில் ஞானத்தகப்பனாக நிற்க டியூட்டானிக் பெருந்தலைவருக்கே அழைப்பு போனது. அவர் போகவில்லை. மறு ஆண்டு லித்துவேனிய மக்களின் ஞானஸ்நானம் தொடங்கியது; வில்னியஸ் நகரில் பேராலயம் எழுந்தது.

சபையின் லட்சியம் என்று எது சொல்லப்பட்டதோ, அது நிறைவேறிவிட்டது. முறைப்படி மரியன்பர்க்கில் மணி அடித்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ‘இது வேஷம், கிரீடத்துக்காகப் போட்ட நாடகம்’ என்றது சபை. படையெடுப்பு நிற்கவில்லை. 1390-ல், பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றியாக முடிசூடிய பிரபு இந்தச் சிலுவைப்போரில் கலந்துகொண்டு வில்னியஸை முற்றுகையிட்டார். பேராலயம் இருந்த ஊர் மேல் சிலுவைப்போர்!

1410 ஜூலை 15. குருன்வால்ட் வெளி. ஜெர்மானியர்கள் டானன்பர்க் என்பார்கள். ஒரு பக்கம் டியூட்டானிக் படை. மறுபக்கம் யாகியெல்லோவும் அவருடைய சிற்றப்பா மகன் விட்டாவுட்டஸும் நடத்திய போலந்து–லித்துவேனியக் கூட்டுப்படை. காலையில் யாகியெல்லோ அவசரப்படவில்லை, திருப்பலி கண்டுகொண்டிருந்தார். கவசம் தரித்த துறவி வீரர்கள் வெயிலில் காய்ந்தார்கள். பொறுமையிழந்த பெருந்தலைவர் உல்ரிச், உறையற்ற இரண்டு வாள்களை அனுப்பினார்: உங்களிடம் வாள் இல்லையென்றால் இதோ, வந்து சண்டை போடுங்கள் என்று ஏளனம். யாகியெல்லோ வாள்களைப் பணிவாக வாங்கிக்கொண்டார். போலந்து வீரர்கள் மாதா பாடலைப் பாடியபடி களமிறங்கினார்கள். எதிரில் நின்றதோ மாதாவின் பெயரையே தாங்கிய சபை.

மாலைக்குள் உல்ரிச்சும் சபையின் முக்கியத் தளபதிகளும் பிணமாகக் கிடந்தார்கள். ஹைன்ரிச் ஃபான் பிளாவன் என்ற தளபதி ஓடிவந்து மரியன்பர்க்கைக் காத்ததால் கோட்டை தப்பியது. மானம் தப்பவில்லை.

களத்தைவிடக் கடினமான வழக்கு

அடுத்த போர் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில், 1414–1418-ல் நடந்தது. கிராக்கோ பல்கலைக்கழகத்தின் தலைவர் பாவெல் விளோத்கோவிச், இத்தாலியின் படுவா நகரில் சட்டம் படித்தவர், போலந்தின் தரப்பைச் சொல்ல எழுந்தார். அவர் யாகியெல்லோவின் ஞானஸ்நானம் உண்மையா, பொய்யா என்ற விவாதத்தில் மட்டும் நிற்கவில்லை. அடித்தளத்திலேயே கை வைத்தார்: கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தங்கள் நிலத்தின் மீதும் ஆட்சியின் மீதும் உரிமை உண்டு, அமைதியாக வாழ்பவர்களை மதத்தின் பெயரால் தாக்குவது நியாயமான போர் ஆகாது, வாளைக் காட்டி விசுவாசத்தைப் புகட்ட முடியாது. பேரரசரும் போப்பும் கொடுத்த பத்திரங்களுக்கு அப்போது என்ன மதிப்பு? தங்களுடையதல்லாத ஒன்றை அவர்கள் எப்படித் தானம் செய்ய முடியும்?

சமயச் சீர்திருத்தவாதி ஜான் ஹுஸை எரித்த அதே பொதுச்சங்கம், சபைக்கு எதிராக முடிவான தீர்ப்பு எதையும் சொல்லவில்லை. ஆனால் சபை இனி ஐரோப்பாவின் முன் குற்றம் சாட்டப்பட்டவனாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. சிலுவைப்போர் விருந்தாளிகளின் வரத்து வற்றியது. விருந்தாளிகள் இலவசமாகப் போட்ட சண்டையைக் கூலிப்படை காசுக்குப் போட்டது. காசுக்காகக் குடிகள் மேல் வரி ஏறியது. 1454-ல் சபைக்கு எதிராக வாளெடுத்தவர்கள் பிரஷ்யாவின் சொந்த நகரங்கள்தான். அவற்றில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசிய கிறிஸ்தவர்கள். அவர்கள் அடைக்கலம் கேட்டது யாகியெல்லோவின் மகன் நான்காம் காசிமிரிடம். அதன் பின் 13 ஆண்டுப் போர். சம்பளம் கிடைக்காத கூலிப்படை, தன்னிடம் அடகு வைக்கப்பட்டிருந்த மரியன்பர்க் கோட்டையையே 1457-ல் காசிமிருக்கு விற்றுவிட்டது. நூற்றைம்பது ஆண்டுத் தலைமையகம் பாக்கிக் கணக்கில் கைமாறியது.

மிச்சத்தை முடித்துவைத்தவர் பெருந்தலைவர் ஆல்பர்ட். தாய்வழியில் யாகியெல்லோவின் கொள்ளுப்பேரன். 1523-ல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதரைச் சந்தித்து யோசனை கேட்டார். துறவை விட்டு, திருமணம் செய்துகொண்டு, நாட்டைச் சாதாரண அரசாக ஆக்கிக்கொள் என்றார் லூதர். 1525 ஏப்ரல் 10 அன்று, கிராக்கோ சந்தைச் சதுக்கத்தில், தாய்மாமனான போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்முண்ட் முன்னால் மண்டியிட்டுப் பிரஷ்யாவின் பிரபுவாக எழுந்தார் ஆல்பர்ட். மறு ஆண்டு டென்மார்க் இளவரசி டொரோத்தியாவுடன் கல்யாணம்.

சபை அத்தோடு செத்துவிடவில்லை. ஜெர்மன் நிலங்களில் ஒட்டிக்கொண்டிருந்த கிளையை 1809-ல் நெப்போலியன் கலைத்தார், ஆஸ்திரியாவில் தப்பியது. 1914-ல் ரஷ்யரை வென்ற ஜெர்மனி, 1410-க்குப் பழிதீர்த்ததாகக் காட்ட அந்த வெற்றிக்கு டானன்பர்க் என்று பெயரிட்டது. நாஜிகள் பழைய வீரர்களின் பெயரைப் பிரசாரத்தில் முழங்கிக்கொண்டே, 1938-ல் ஆஸ்திரியாவில் உயிரோடிருந்த சபையைத் தடைசெய்தார்கள். 1929 முதலே வாளை முழுதாக விட்டுக் குருக்கள் சபையாகிவிட்ட அது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் எழுந்து இன்றும் வியன்னாவிலிருந்து இயங்குகிறது.

சபையைச் சாய்த்தது குருன்வால்ட் வாள்வீச்சு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். வாளால் விழுந்தவர்கள் அந்தச் சபையில் அதற்கு முன்னும் பலமுறை எழுந்திருக்கிறார்கள். எழ முடியாமல் போனது, எதிரி இல்லாமல் தனக்கு இருப்பு இல்லை என்று 1386-க்குப் பின் அது தானே காட்டிக்கொண்டதால்தான். விளோத்கோவிச்சின் கேள்வியோ சபையைத் தாண்டியும் வாழ்ந்தது. 1539-ல் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ்கோ டி விட்டோரியா, அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்தைப் பற்றி எழுப்பியதும் அதே கேள்விதான்: நம்பிக்கை வேறு என்பதால் மண் பறிபோகுமா?

அடுத்த வாரம் ரோட்ஸ் தீவு. புனித பூமியை இழந்த ஹாஸ்பிட்டலர் சபையும் ஒரு நாடு பிடித்தது. ஆனால் அவர்கள் மருத்துவமனையை மூடவில்லை. அந்த ஒரு முடிவு அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது?

(தொடரும்)