கவிஞனும் காணியும்: ‘பிங்கோ’ நாடகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கவிஞர்தம் வாழ்வைப் பொருளாகக் கொள்ளும் நாடகங்கள் பெரும்பாலும் புகழ்மாலைகளாகவே அமைந்துவிடுகின்றன. கவிஞனின் வருவாய் எங்கிருந்து வந்தது, அவ்வருவாய்க்குப் பின்னால் எவருடைய உழைப்பு இருந்தது என்னும் வினாக்கள் அங்கு எழுவது அரிது. இவ்வினாக்களையே மையமாகக் கொண்ட நாடகமொன்று 1973 நவம்பரில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்ஸெற்றர் நகரில் மேடையேறியது. எட்வேட் பொண்ட் (1934–2024) எழுதிய ‘பிங்கோ’ என்பதே அந்நாடகமாகும். சேக்ஸ்பியரின் இறுதி நாட்களே அதன் பொருள். பல்கலைக்கழக வளாகத்தில் 1967இல் திறக்கப்பட்ட நோத்கொற் அரங்கில், ஜேன் ஹோவெல், ஜோன் டவ் ஆகிய இருவரின் நெறியாள்கையில் அது நிகழ்ந்தது. சேக்ஸ்பியராக நடித்த பொப் பெக்கிற்கு அப்போது வயது 28. மறு ஆண்டிலேயே இலண்டன் றோயல் கோட் அரங்கில் ஜோன் கீல்குட் அப்பாத்திரத்தை ஏற்றார். தலைநகருக்கு அப்பாலுள்ள பிராந்திய அரங்கொன்றே இம்முயற்சிக்கு முதலில் இடமளித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நாடகத்தின் அடிப்படை கற்பனையன்று. சேக்ஸ்பியர் 1602இல் பழைய ஸ்ட்ராற்போட்டில் 107 ஏக்கர் காணியை 320 பவுணுக்கு வாங்கினார். 1605இல் 440 பவுண் கொடுத்து, ஸ்ட்ராற்போட், வெல்கம் முதலிய இடங்களின் தசமபாக வருவாயில் ஒரு பங்கைப் பெற்றார். 1614இல் வில்லியம் கோம் முதலான நிலவுடைமையாளர் வெல்கம் வயல்களை வேலியடைத்து ஆட்டு மேய்ச்சல் நிலமாக்க முனைந்தனர். உழவு குன்றினால் கூலியாட்கள் வேலையிழப்பர்; தானியத்தை ஆதாரமாகக் கொண்ட தசமபாகமும் குறையும். அவ்வாண்டு யூலையில் 54 வீடுகளைத் தீக்கிரையாக்கியிருந்த நகருக்கு இது மேலுமொரு பேரிடியாயிற்று. நகரசபை அடைப்பை எதிர்த்தது.

இந்நிலையில், 1614 ஒக்ரோபர் 28ஆந் திகதி வில்லியம் ரெப்ளிங்ஹாம் என்பவர் சேக்ஸ்பியருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அடைப்பினால் தசமபாக வருவாயில் இழப்பு நேரின் ஈடு செய்யப்படும் என்பது அதன் சாரம். நகரசபை எழுத்தரான தோமஸ் கிறீனின் குறிப்பேடு, சபை சேக்ஸ்பியருக்குக் கடிதம் எழுதியதைக் கூறுகிறது. அக்கடிதம் எமக்குக் கிடைக்கவில்லை. அவர் அடைப்பை ஆதரித்தார் என்பதற்கோ எதிர்த்தார் என்பதற்கோ நேரடிச் சான்று இல்லை. 1615ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், அடைப்பைப் பொறுக்க இயலாதவர் கிறீனா, சேக்ஸ்பியரா என்பதே கையெழுத்தின் தெளிவின்மையால் அறிஞரிடையே விவாதத்துக்குரியதாயிற்று. எனினும் ஒன்று உறுதி: ஊராருக்கு நேரவிருந்த இழப்பிலிருந்து அவர் தம் வருவாயைக் காத்துக்கொள்ள வழி செய்திருந்தார்.

பொண்ட் இம்மௌனத்தையே நாடகமாக்குகிறார். வரலாற்றில் ரெப்ளிங்ஹாம் செய்த ஒப்பந்தத்தை மேடையில் கோமே செய்கிறார். 1613இல் எரிந்த குளோப் அரங்கின் அழிவும் இறுதி நாட்களோடு இணைக்கப்படுகிறது. ஊரில் அலைந்த ஏழைப் பெண்ணொருத்தி தண்டிக்கப்பட்டுத் தூக்கிலிடப்படுகிறாள். கவிஞர் யாவற்றையும் காண்கிறார். ஈற்றில் நஞ்சுண்டு மாள்கிறார். 1616 ஏப்ரல் 23இல் நிகழ்ந்த உண்மை மரணம் தற்கொலை என்பதற்கு ஆதாரமெதுவும் இல்லை. இம்மாற்றங்களை வரலாற்றுப் பிழைகளென ஒதுக்குவது எளிது. ஆயின் நாடகாசிரியர் காட்டவிழைவது மரணத்தின் காரணத்தையன்று. கொடுமையைத் தன் கலையில் நுணுகிக் கண்ட ஒருவன், தன் வாயிலில் நிகழும் கொடுமைக்கு உடந்தையாக வாழ நேர்ந்த முரண்பாட்டையே.

அம்முரண்பாட்டைத் தனிமனித ஒழுக்கக்கேடாகச் சுருக்குதல் தகாது. காணி வாங்கல், வருவாயைக் காத்தல் என்பன அக்கால நடுத்தர உடைமையாளரின் இயல்பான நடைமுறைகள். சொத்துறவுகளே மனிதரின் தெரிவுகளை வரையறுத்தன என்பதை நாடகம் உணர்த்துமிடத்து அதன் வலிமை வெளிப்படுகின்றது. குறைபாடும் அவ்விடத்திலேயே உள்ளது. கவிஞரின் குற்றவுணர்வு மேடையை நிறைக்கும்போது, எதிர்த்து நின்ற மக்கள் பின்னணிக்குத் தள்ளப்படுகின்றனர். 1615 யனவரியில் கோமின் ஆட்கள் வெட்டிய அகழிகளை ஸ்ட்ராற்போட், பிஷப்டன் ஊர்களின் பெண்களும் சிறுவர்களும் திரண்டு சென்று மூடினர். அவ்வாண்டு மார்ச்சில் வோரிக் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் எட்வேட் கோக் அடைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். நாடகத்தில் அகழிகளை மூடுவோர் உளர். ஆயினும் அப்பெண்கள் ஒரு கூட்டாகத் தோன்றுவதில்லை.

எனவே ‘பிங்கோ’வை நாம் இருவகையிற் பயன்கொள்ளலாம். இலக்கியகர்த்தாவைப் பீடத்திலிருந்து இறக்கிக் காணி உறுதிகளுக்கும் கணக்கேடுகளுக்கும் இடையே நிறுத்திய துணிவை ஏற்போம். அதே ஆவணங்களில் பெயரின்றிக் கிடக்கும் பெண்களையும் சிறுவர்களையும் அது முழுமையாக மேடைக்குக் கொணரவில்லை என்பதையும் கூறுவோம். கவிஞர் வரலாற்றை எழுதப் புகுவோர், கவிதை பிறந்த வீட்டோடு அவ்வீட்டைச் சூழ்ந்த வயல்களையும் ஆராய்தல் வேண்டும்.