துப்பாக்கிக்கு ஒரு பெட்டகம்

ஓசூரில் 2021 ஜனவரி 22 அன்று ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனக் கிளைக்குள் புகுந்த கும்பல், ஊழியர்களைத் துப்பாக்கிமுனையில் நிறுத்தி ஏறத்தாழ 25 கிலோ தங்கத்தைக் கொள்ளையடித்தது. மறுநாளே அவர்கள் ஹைதராபாத் அருகே பிடிபட்டனர் என்றாலும், இந்த எல்லைப்புறத் தொழில்முனைவோர் பலருக்கு அந்த அச்சம் நெடுநாள் நீங்கவில்லை. அவர்களுள் ஒருவர் என் பழைய மாணவர். சிப்காட் அருகே தகடு வெட்டும் பட்டறை நடத்துகிறார். முறைப்படி விண்ணப்பித்து, உரிமமும் ஒரு பாயின்ட் 32 ரிவால்வரும் பெற்றார். பிறகு என்னை அழைத்து, "சார், கடையில் ஏழாயிரம் ரூபாய்க்கு டிஜிட்டல் லாக்கர் இருக்கிறது. அது போதுமா?" என்று கேட்டார்.

பொருளாதாரம் கற்பித்தவனிடம் கேட்கத்தக்க கேள்விதான் அது. நகை களவுபோனால் நட்டம் உரியவருக்கு. துப்பாக்கி களவுபோனால் நட்டம் யாரோ முகம் தெரியாதவருக்கு. எங்கள் பாடத்தில் இதைப் புறவிளைவு என்போம். ஜூஜூவாடியைக் கடந்தால் சில நிமிடங்களில் அத்திப்பள்ளி. அதன்பின் புலனாய்வு இரு மாநிலக் காவல்துறையின் பொறுப்பாகிவிடும். ஆகவேதான் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பாதுகாப்பாக வைக்கும் ஏற்பாட்டை உரிமத்தோடு பிணைத்துள்ளன. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் பொதுவாக மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன.

மலிவான டிஜிட்டல் பெட்டிகளில் கதவுத் தகடு தடித்திருக்கும். பக்கத் தகடு மெலிந்திருக்கும். விற்பவர் கதவைத்தான் தட்டிக் காட்டுவார். இவை லிட்டர் கணக்கில் விலை பேசப்படுகின்றன; நான் விலையைக் கிலோவால் வகுத்துப் பார்க்கச் சொல்வேன். பெரிய பெட்டியின் எடை பத்துக் கிலோதான் என்றால், இரும்புக்கன்றி வெற்றிடத்துக்கே பணம் தருகிறோம். சில மலிவுப் பெட்டிகளை மேலிருந்து ஓங்கித் தட்டியபடி கைப்பிடியைத் திருப்பினாலே பூட்டினுள் இருக்கும் மின்காந்தத் தாழ் துள்ளித் திறந்துவிடும். கைரேகைப் பூட்டும் அப்பழுக்கற்றதன்று. பதிவுசெய்யாத விரலுக்கும் திறந்ததால், 2023 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 61,000 பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உயிர் போயிருந்தது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 550 தரத்திலான பெட்டகங்கள் உறுதியானவை. ஆனால் எடையும் விலையும் நகைக்கடைக்கே பொருந்தும். ஒற்றைக் கைத்துப்பாக்கிக்கு, எல்லாப் பக்கமும் தடித்த எஃகும் இருபுறமும் பல் வெட்டிய சாவியும் கொண்ட நடுத்தரப் பெட்டி போதும். மிச்சமாகும் பணத்தை ஆங்கர் போல்ட்டுக்குச் செலவிடலாம். பெட்டியைத் தரையிலோ கான்கிரீட் தூணிலோ இறுக்க வேண்டும். இங்குள்ள வாடகை வீடுகளில் ஹாலோ பிளாக் சுவர்கள் மிகுதி. அவற்றில் போல்ட் பிடிக்காது. பிணைக்காத பெட்டியைத் திருடன் அங்கேயே உடைக்க வேண்டியதில்லை, தூக்கிச் சென்று நிதானமாக உடைப்பான்.

மாணவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: "நானே அடித்துக்கொள்கிறேனே, சார்." தகடு வெட்டுபவர் வேறென்ன சொல்வார்? ஐந்து மில்லிமீட்டர் தகட்டில் பெட்டியைச் செய்யலாம், பூட்டை மட்டும் வாங்குங்கள் என்றேன். கீல் இருக்கும் பக்கத்திலும் தாழ் வேண்டும். இல்லையேல் கீலை அறுத்ததும் கதவு கையோடு வந்துவிடும்.

தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு, துப்பாக்கியைப் பூட்டிவைப்பது, தோட்டாவை அகற்றி வைப்பது, தோட்டாவைத் தனியே பூட்டுவது ஆகியவை ஒவ்வொன்றும் வீட்டுப் பிள்ளைகளின் தற்கொலை, விபத்து அபாயம் குறைவாக இருப்பதோடு தொடர்புடையவை என்று கண்டது. தேர்வு முடிவுக் காலங்களில் மாணவர்களின் முகங்களைப் பார்த்தவன் என்பதால், கொள்ளையரைவிட இதுவே எனக்குப் பெரிய அச்சம். ஒரு கணத்து விரக்திக்கும் விசைக்கும் இடையே இரண்டு பூட்டுகளாவது இருக்கட்டும். சாவி பூசையறைக் கதவின் பின்னால் தொங்கினால் அது பூட்டே அன்று.

ஓசூரின் மழைக்கால ஈரத்தில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் வைக்க வேண்டும். தோலுறையில் வைத்துப் பூட்டக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது பெறும் ரசீதை, துப்பாக்கி திரும்பும் வரை உரிமப் புத்தகத்தோடு வைத்திருப்பது நல்லது.

பெட்டி முடிந்ததும் மாணவரின் மனைவி, தம் நகைகளையும் அதிலேயே வைக்கலாமா என்று கேட்டாராம். வேண்டாம் என்றேன். நகைக்காக வீட்டில் நான்கு பேர் அதைத் திறக்கத் தொடங்குவார்கள். அவர் வங்கியில் லாக்கர் எடுத்துக்கொண்டார்.