பட்டு, பஞ்சு, காற்று: துணியின் கதகதப்பை அளந்த கதை

போன மார்கழியில் திருக்கடையூரில் எங்க பெரியப்பாவுக்கு சதாபிஷேகம். கலச நீரை ஊற்றியதும் பெரியம்மாவுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. "பட்டு கதகதப்பா இருக்குமே பெரியம்மா" என்றேன். "போடா, நனைஞ்சா பட்டு என்ன, பருத்தி என்ன" என்றார். ஊருக்குத் திரும்பியும் அந்தப் பதில் மனசை விட்டுப் போகவில்லை; தேடிப் படித்தேன்.

துணியின் கதகதப்பைக் கடிகாரம் வைத்து அளந்தவர் பெஞ்சமின் தாம்சன், பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு. பவேரியப் படைக்கு உடுப்பு தைக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. ஒரு கண்ணாடிக் கோளத்தின் நடுவே வெப்பமானி. இடைவெளியில் ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் பஞ்சு, கம்பளி, பட்டு என்று நிரப்புவார். கொதிநீரில் சூடாக்கி, பனிக்கட்டி நீரில் இறக்கி, வெப்பம் ரோமர் அளவில் 70 பாகையிலிருந்து 10க்கு இறங்க எத்தனை விநாடி என்று எண்ணுவார். 1792இல் வெளியான கணக்கு இது: வெறும் காற்று 576, பஞ்சு 1046, ஆட்டுக் கம்பளி 1118, கச்சாப் பட்டு 1284, முயல் ரோமம் 1315.

எனக்குப் பிடித்தது இன்னொரு எண். அதே பட்டை முறுக்கி நூலாக்கி வைத்தால் வெறும் 917! இழை ஒன்றுதான், முறுக்கும்போது நடுவில் சிக்கியிருந்த காற்று போய்விடுகிறது. நம்மைக் காப்பது அசையாமல் நிற்கும் அந்தக் காற்று. அதன் இடத்தில் தண்ணீர் புகுந்தால்? தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பெரியம்மா சொன்னது சரி.

1941இல் கேகி, பர்ட்டன், பேசட் மூவரும் 'க்ளோ' என்ற அலகைக் கொண்டுவந்தார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடுப்பு 1 க்ளோ. கிட்டத்தட்ட ஒரு கோட்டு சூட்டு. நம்ம ஊர் சேலைக்கு அந்தப் பட்டியல்களில் ரொம்ப நாள் சரியான இடமே இல்லை. 2014இல்தான் மாதவி இந்திரகண்டியும் பெர்க்லி ஆய்வாளர்களும், உடல் சூட்டில் வைத்த பொம்மைக்குச் சேலை கட்டி அளந்து எழுதினார்கள். ஒரே சேலை, ஒரே ரவிக்கை. முந்தானையைப் போடும் விதத்தை மாற்றினாலே கதகதப்பு மாறுகிறது. நாற்று நடும்போது இழுத்துச் செருகி, பனி விழும் காலையில் தலையோடு போர்த்தும் நம்ம பெண்களுக்கு இது செய்தியா என்ன!

அன்றும் அதுதான் நடந்தது. தூண் மறைவில் உலர்ந்த நூல் சேலைக்கு மாறி, முந்தானையை இரண்டு தோளுக்கும் இழுத்துப் போர்த்திய பிறகே பெரியம்மாவுக்கு நடுக்கம் நின்றது.