மதுரையின் இரட்டை ஒளிப்படங்களும் திறன்பேசியும்

ஸ்டீரியோகிராஃப் எனப்படும் இரட்டை ஒளிப்படம் என்பது, ஒரே காட்சியைச் சற்றே இடம் மாற்றி எடுத்த இரு படங்களை ஓர் அட்டையில் அருகருகே ஒட்டியதாகும். மனிதக் கண்களுக்கு இடையே சுமார் 6.3 செ.மீ. இடைவெளி உண்டு. அதனால் இரு கண்களும் சிறிது மாறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. இதை விளக்க 1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் ஸ்டீரியோஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். 1861இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் உருவாக்கிய எளிய கைக்கருவி வீடுகளிலும் பரவியது.

தமிழகத்தில்

1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் இரட்டைப் படங்களையும் தொகுத்து வெளியிட்டார். செலவு மிகுதி எனக் கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் முடிவால் அவரது பணி 1860இல் நின்றது. திருமலை நாயக்கர் அரண்மனை பின்னர் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய நிலையை அறிய டிரைப்பின் படங்கள் முதன்மைச் சான்றாகும்.

திறன்பேசியில் காணும் முறை

2014இல் வெளிவந்த கூகுள் கார்ட்போர்டு, வீட்ஸ்டோனின் தத்துவத்தையே பின்பற்றியது. அட்டையின் மின்படத்தைத் திறன்பேசியில் கிடைமட்டமாக, திரையின் அகலம் நிறைய வைக்க வேண்டும். திரை சுமார் 13 செ.மீ. அகலமானால் இரு படங்களின் மையங்களும் ஏறத்தாழ கண்களின் இடைவெளிக்குப் பொருந்தும். பிறகு வில்லைகள் கொண்ட அட்டைப்பெட்டி வழியே பார்த்தால் தூண் வரிசை உள்ளே நீளும். வலமும் இடமும் மாறினால் முன்னிருப்பது பின்னிருப்பதாகத் தோன்றும்.

ஒரு பாதியை மட்டும் வெட்டிச் சேமித்தால் ஆழத் தகவல் இழக்கப்படும். தூண்களுக்கு இடையிலான தொலைவு, சிற்பத்தின் புடைப்பு, இடிந்த சுவரின் நிலை ஆகியவை இரு பாதிகளின் வேறுபாட்டில்தான் பதிந்துள்ளன. ஆகவே முழு அட்டையையும், அதன் ஓரக்குறிப்புகளுடன், பாதுகாப்பது அவசியம்.

மாணவர் பயிற்சி

இம்முறையில் உள்ளூர்ச் சின்னங்களையும் பதிவு செய்யலாம். ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலின் நம்மாழ்வாரோடு தொடர்புடைய உறங்காப்புளி இதற்கு ஏற்றது. அனுமதி பெற்று, மரத்தின் அடிப்பகுதியை ஒரு முறையும், திறன்பேசியைத் திருப்பாமல் 6 முதல் 7 செ.மீ. வலப்புறம் நகர்த்தி மறுமுறையும் எடுக்க வேண்டும். முதல் படம் இடக்கண்ணுக்கு, இரண்டாவது வலக்கண்ணுக்கு. இலைகள் காற்றில் அசைந்தால் இரு படங்களும் பொருந்தா. அசையாத அடிமரமும் கல்தூணும் நன்கு வரும்.