நூலகப் பயிற்சியின் தோற்றம்: ஒரு கால ஆராய்ச்சி

கல்லூரி மாணாக்கர்க்கு நூலகத்தில் ஆராயும் முறையையும், படித்த செய்தியின் மெய்ம்மையைச் சோதிக்கும் வழியையும் கற்பிக்கும் முயற்சியின் சரித்திரத்தை எழுதுவோருட் பலர், அதனை 1974-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அமெரிக்கத் தகவல் தொழில்துறைச் சங்கத்தின் தலைவராயிருந்த பால் ஸுர்கோவ்ஸ்கி, அந்நாட்டின் நூலகத் தேசியக் குழுவுக்கு அவ்வாண்டில் அளித்த அறிக்கையிலேயே ‘தகவல் எழுத்தறிவு’ என்னும் பெயர் வழங்கலாயிற்று என்பது அவர்கள் காட்டும் ஆதாரம். பெயரின் பிறப்பை நான் மறுக்கவில்லை. பெயர் பிறந்த ஆண்டே பொருள் பிறந்த ஆண்டு என்று கொள்வதைத்தான் மறுக்கிறேன். ஸுர்கோவ்ஸ்கி வகுத்த இலக்கணத்தை ஊன்றிப் பார்த்தால், தம் தொழிலில் தகவல் மூலங்களைக் கையாளப் பயின்றவரே தகவல் எழுத்தறிவுடையார் என்பதே அதன் சாரமாகத் தெரியவரும். தகவலை விற்கும் நிறுவனங்களின் பிரதிநிதியாக நின்றவர் அவ்வாறு கருதியது இயல்பே. ஆயினும், கையிற் கிடைத்த நூல் நம்பத்தக்கதா என்ற வினாவுக்கு அவ்விலக்கணத்தில் முதலிடம் இல்லை.

அவ்வினாவை நான் காண்பது, அவ்வறிக்கைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராகவும் நூலகராகவும் ஒருங்கே பணிபுரிந்த ஓடிஸ் ராபின்ஸனின் எழுத்துக்களில். (கணிதத்திலிருந்து நூலகத்துக்கு வந்த நம் சீர்காழி ரங்கநாதன், 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானதை இங்கே நினையாதிருக்க இயலவில்லை.) 1880-ஐ ஒட்டி ராபின்ஸன் நூலகப் பயிற்சிக்கு மூன்று நோக்கங்களைக் கூறுகிறார்: நூல்களின் தரத்தைப் பகுத்துணரும் விவேகம், தமக்குத் தாமே கற்பித்துக்கொள்ளும் ஆற்றல், கல்லூரியை விட்ட பின்னும் கற்றலைக் கைவிடாமை. பட்டியலைப் பார்க்கவும் அலமாரியில் நூலைத் தேடவும் கற்பிப்பதோடு நில்லாமல், விவேகத்தையே முதலில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இவ்வரிசை தற்செயலானது எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். பகுத்துணராதவன் தனக்குத் தானே கற்பிப்பது பிழையையே பெருக்கும் என்பதால், வரிசை காரணத்தோடு அமைந்தது என்றே நான் துணிகிறேன்.

ராபின்ஸன் நூல்களைப் பற்றிப் பேசினாரேயன்றிச் செய்தித்தாள்களைப் பற்றிப் பேசவில்லை என்பது வலிய மறுப்பு. ஆனால், யேல் மாணாக்கராயிருந்த வில்லியம் பூல் 1848-இல் வெளியிட்ட பருவ இதழ்களின் பொருளடைவு 1882-இல் மிக விரிந்து வெளிவந்தது. இதழ்களும் அக்காலத்திலேயே ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டன. ஆகவே அவ்விவேகம் இதழ்களுக்கும் உரியதாகவே எண்ணப்பட்டிருக்கும் என்பது என் அனுமானம். அனுமானத்துக்கு மேல் அதற்கு வலிமை உண்டென்று சொல்லேன்.

நூலகப் பயிற்சியின் முதல் வகுப்பு எப்போது தொடங்கிற்று என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மிச்சிகன் சர்வகலாசாலையில் ரேமண்ட் டேவிஸ் 1879-இல் சொற்பொழிவுகளாகத் தொடங்கியது, 1881-இல் பட்டப் படிப்பில் மதிப்புப் பெறும் பாடமாயிற்று. எதனைத் தொடக்கமாகக் கொள்வது என்பது ‘பாடம்’ என்பதற்கு நாம் தரும் பொருளைப் பொறுத்தது. நான் 1881-ஐ ஏற்கிறேன், ஆனால் வற்புறுத்த மாட்டேன்.

பிற்காலப் பரிசோதனை ஒன்று ராபின்ஸனின் வரிசைக்கே துணைநிற்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வைன்பர்க்கும் மெக்ரூவும் வெளியிட்ட ஆய்வில், 10 சரித்திராசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணாக்கர்கள் ஆகியோரிடம் மதிப்பிடுமாறு இணையப் பக்கங்கள் தரப்பட்டன. முனைவர் பட்டம் பெற்ற சரித்திராசிரியருட் பலரும் பக்கத்தின் தோற்றத்தில் மயங்கினர். சரிபார்ப்பாளர்களோ அப்பக்கத்தை விட்டு விரைந்து வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் கூறுவது என்ன என்று தேடினர். தேடும் திறன் மூவகையினர்க்கும் இருந்தது, வேறுபட்டது விவேகமே. இச்சரித்திரத்தை இனி எழுதப் புகுவோர் ஸுர்கோவ்ஸ்கியின் அறிக்கைக்கு முன்னர் ராபின்ஸனின் எழுத்துக்களை எடுத்துப் படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.